பட்டைச் சத்தம்

எங்கள் கடையில் பித்தளை ஸ்க்ரூ வாங்குகிறவர்கள் பலர் உண்டு. அது பித்தளைதானா என்று என் கண்ணெதிரிலேயே காந்தம் வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், நடுவில் ஓட்டையோடு, எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். ஸ்க்ரூக்களை மேசையில் கொட்டச் சொல்லி, அதன்மேல் காந்தத்தை மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். ஒட்டினால் அது இரும்பு, மேலே வெறும் பூச்சு. ஒன்றும் ஒட்டாவிட்டாலும் முகம் தெளியாது. “இப்பெல்லாம் காந்தத்தையே ஏமாத்துற மாதிரி செய்யறானுங்கம்மா” என்பார். பிறகு, எதுக்கும் வீட்டில் போய் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போவார்.

கடத்தூரில் நாங்கள் ஹார்டுவேர் கடை வைத்திருந்த காலம் அது. இப்போது அரூருக்கு மாறி வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் சரக்கெடுக்கச் சேலத்துக்கும் தர்மபுரிக்கும் ஓடிக்கொண்டிருப்பார், கல்லாவில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் வீடு எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில், நாலு வீடு தள்ளி. தெருவில் அவருக்கு ‘செக்கிங்’ என்று பெயர். பஸ்ஸில் பரிசோதகர் ஏறினால் டிக்கெட் எடுத்தவனுக்கும் ஒரு நிமிஷம் வயிறு கலங்குமே, அந்த மாதிரி அவர் வந்து நின்றால் எனக்கு எங்கள் கடைத் தராசின்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

அந்தக் காந்தம் செய்த கூத்து கொஞ்சமில்லை. ஏடிஎம் கார்டையும் அதே சட்டைப்பையில்தான் வைத்திருந்தார். கார்டு அடிக்கடி செத்துப்போகும். பேங்க்கில் வேண்டுமென்றே மட்டமான கார்டாகப் பொறுக்கித் தனக்குக் கொடுக்கிறார்கள் என்று சண்டைக்குப் போய்விடுவார். புதுக் கார்டு வாங்கி வந்து மறுபடியும் காந்தத்தோடு போட்டுக்கொள்வார். என் வீட்டுக்காரர் ஒருநாள் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேங்க்காரன் உங்களுக்கு வேண்டப்பட்டவனா என்று கேட்டார் மனுஷன். அதோடு நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்கு வெளியே அவருக்குக் காடு என்று கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. தக்காளியும் மொச்சையும் போடுவார். மோட்டார் ரூமைப் பூட்டினால் போதாது என்று ஃபியூஸ் கட்டையையும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டுதான் வீடு திரும்புவார். இல்லாவிட்டால் யாரோ பூட்டைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். ஒரு கல்யாணப் பந்தியில் குனிந்து உட்கார்ந்தபோது அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை மடியிலிருந்து நழுவிப் பக்கத்து இலைச் சாம்பாரில் விழுந்தது. பந்தியே சிரித்தது. அவர் கட்டையை எடுத்துத் துடைத்து மடியில் முடிந்துகொண்டு, யார் யார் பார்த்தார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் அங்கே இருக்க, கடையை என் கொழுந்தனார் பார்த்துக்கொண்டார். யாரும் கேட்காமலேயே இவரும் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்குகிறவரை காவல். தன் காட்டு வேலையைக்கூட விட்டுவிட்டார். ஒரு ஆணிகூடக் குறையவில்லை. நான் திரும்பி வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “உங்க கொழுந்தனாரு கல்லாப் பக்கம் போறப்பெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறாரும்மா. நான் ஒண்ணும் சொல்லல. எதுக்கும் பாத்துக்கோங்க” என்றார்.

என் கொழுந்தனார் தங்கமான மனுஷன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்ததே, வாசலில் இந்த ஆள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், இன்றுவரை கொழுந்தனார் கல்லாவைத் திறந்தால் என் கண் தானாக அங்கே போகிறது. தன் வியாதியை எனக்கும் ஒட்டவைத்துவிட்டுப் போன பாவி.

அவர் நம்பிய ஒரே ஆள் அவர் சம்சாரம். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒல்லியான, வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத பொம்பளை. பீரோ சாவி, மோட்டார் ரூம் சாவி, எல்லாச் சாவியும் அந்த அக்கா இடுப்பில்தான் தொங்கும். பெற்ற மகளை நம்பாதவர், உடன்பிறந்தவர்களை நம்பாதவர், பெண்டாட்டியிடம் மட்டும் சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாரே என்று தெருப் பெண்களுக்கெல்லாம் உள்ளூர ஒரு பொறாமை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

ஒரே மகள். நர்சிங் முடித்திருந்தாள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சந்தோஷமாக வந்து சொன்ன அன்றைக்கே செல்போனைப் பிடுங்கிக்கொண்டார். அவ்வளவு தூரத்தில் வேலை என்றால் அதற்குப் பின்னால் ஒரு பையன் இருப்பான் என்பது அவர் முடிவு. பையன் பெயர் என்ன, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமலிருப்பதே அவருக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. சர்ட்டிபிகேட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பாலக்கோடு பக்கம் ஒரு சொந்தக்காரப் பையனைப் பேசி முடிக்க ஆள் அனுப்பினார். அந்தப் பெண் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். மாத முடிவுக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். பெண் பார்க்க வருகிறவர்களும் அதே மாதத்தில்தான் வருவதாக இருந்தார்கள். தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. வாசல் தெளிக்கக்கூட அவள் வெளியே வருவது நின்றுபோனது.

பெண் பார்க்க வருகிறவர்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது என்று ஹாலுக்கு மட்டும், பழைய தரைக்கு மேலேயே, டைல்ஸ் ஒட்ட வைத்தார். அறைகளில் பழைய தரை அப்படியே இருந்தது. அதனால் ஹால் ஒரு விரல்கடை உயர்ந்துவிட்டது. டைல்ஸ் விளிம்பு பல்லிளிக்காமல் இருக்க அறை வாசல்களில் நீளமாக அலுமினியப் பட்டை வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். பட்டை எங்கள் கடையில் வாங்கியதுதான், காந்தம் வைத்துப் பார்த்துத்தான். ஆனால் அந்தப் பழைய தரை பொலபொலவென்று உதிர்கிற தரை. ஸ்க்ரூ நிற்கவில்லை. கொஞ்ச நாளிலேயே மகள் அறை வாசல் பட்டை ஒரு முனையில் தூக்கிக்கொண்டது. கதவை எப்போது திறந்தாலும் கதவின் அடிப்பக்கம் அதில் மாட்டி, தூக்கி விடும். ‘டடக்’ என்று வீடு முழுக்கக் கேட்கும்.

வேறு வீடாக இருந்தால் மறுநாளே ஆள் வைத்து முடுக்கியிருப்பார்கள். நாங்கள் விற்ற பட்டை இப்படி ஆடுகிறதே என்று என் வீட்டுக்காரரே டிரில்லிங் மிஷினோடு போய் நின்றார். கிடக்கட்டும் விடுங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிற மனுஷன், ஆடுகிற பட்டையை ஆடட்டும் என்று விடுகிறாரே, இதில் என்ன சூட்சுமம் என்று எனக்கு மண்டை குடைந்தது. பட்டைக்கு அடியில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

மொச்சை வாங்கப் போன ஒருநாள் விடை கிடைத்தது. ஹாலில் பிளாஸ்டிக் சேரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ‘டடக்’ என்றது. கண்ணைத் திறக்கவேயில்லை.

“பாப்பா, எங்க கெளம்பிட்ட?”

“பாத்ரூமுக்குப்பா.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். “பாத்தீங்களாம்மா? நாய் வளத்தாக்கூட சோறு போடணும். இது சும்மா கெடந்துகிட்டே காவல் காக்குது.” சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. அக்கா மொச்சையை அளந்து கொண்டுவந்தார். வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. என்னக்கா என்றேன். பட்டை கிழித்துவிட்டதாம். “பாத்து நடக்கணும். இவளுக்கு என்ன தெரியும், மண்ணு” என்றார் அவர். அதை அவர் திட்டாகக்கூடச் சொல்வதில்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பது மாதிரிச் சொல்வார்.

அடுத்த சந்தை நாளில் அந்த அக்கா தனியாக எங்கள் கடைக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சின்னதாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்றார். காலை இடிக்கிற பட்டையைக் கொஞ்சம் முடுக்கலாமென்று இருக்கிறதாம். தரை உதிர்கிறதே, மிஷின் போட்டுப் புதுசாக ஓட்டை எடுத்தால்தான் நிற்கும் என்றேன். “மிஷின் சத்தம் போடுமேங்க” என்றார் மெதுவாக.

எனக்குக் காது விடைத்துக்கொண்டது. இருந்தாலும் எல்லோருக்கும் சொல்கிற வழியைச் சொன்னேன். பழைய ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி உடைத்துவிட்டு, அதன்மேல் ஸ்க்ரூவை இறுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பட்டைக்கு அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று வைத்துவிட்டால் ஆடாது, சத்தமும் வராது. அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

“அப்புறம் திருப்பிக் கழட்டிரலாங்களா?”

நிமிர்ந்து பார்த்தேன். பட்டையை முடுக்க வழி கேட்டு வருகிறவர்கள் உண்டு. முடுக்கியதைக் கழற்ற வழி கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. இந்த அம்மா என்ன திட்டத்தில் இருக்கிறார், பீரோவை உடைக்கப் போகிறாரா, அதற்குச் சாவிதான் இடுப்பிலேயே இருக்கிறதே, ஒருவேளை புருஷனே இவரை அனுப்பி என்னிடம் ஆழம் பார்க்கிறாரா என்று ஒரு நிமிஷத்தில் என்னென்னவோ ஓடியது. கழற்றலாம் அக்கா, இடது பக்கம் திருப்பினால் வந்துவிடும் என்றேன். ட்யூப் துண்டு ஒன்று கேட்டார், வெட்டிக் கொடுத்தேன். இரண்டையும் சாவிக்கொத்தோடு இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அதே வாரத்தில் ஒரு மத்தியானம். வெயிலில் கடைத்தெரு காலியாகக் கிடந்தது. அந்தப் பெண் தோளில் ஒரு பையோடு எங்கள் கடையைத் தாண்டி வேகமாக நடந்தாள். செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. தார்ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்புக்குப் போனபிறகுதான் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். திரும்பினாள், என்னைப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப்போனது. நான் குனிந்து, கலக்காத வாஷர்களையெல்லாம் கலந்துவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது தர்மபுரி பஸ் போயிருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். கத்தவில்லை, அழவில்லை. யாராவது இன்றைக்கு ஏணி வாடகைக்கு எடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றோம். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார், நானும் பின்னாலேயே போனேன். மகள் அறைக் கதவை எங்கள் முன்னால் திறந்து மூடினார். டடக். மறுபடியும் திறந்து மூடினார். டடக்.

“நல்லா கேட்டுக்கோங்க. மத்தியானம் காட்டுலருந்து வந்தப்ப பாப்பா உள்ள இருமுனது எனக்கே கேட்டுச்சு. சாப்புட்டுட்டு இதே சேர்லதான் உக்காந்திருந்தேன். கதவு தொறக்கவே இல்ல. டீ குடிக்கக் கூப்புடுன்னு இவள அனுப்புனப்பதான் பட்டை சத்தம் கேட்டுது. உள்ள ஆளு இல்ல. எப்படிப் போனா?”

ஜன்னல் கம்பிகளை அறுத்து ஒட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரிதான் எங்கோ வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். பால்காரன் பெயரைச் சொன்னார். வென்டிலேட்டரைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரின் தோள் அகலத்தைப் பார்த்தார். அப்போதுதான் வாசற்படியோரம் தரையில் அதைக் கண்டேன், ஒரு அரைத் தீக்குச்சி, மருந்து முனையோடு. நான் பார்ப்பதை அக்காவும் பார்த்துவிட்டார். துணி சுற்றிய பெருவிரல் மெல்ல நகர்ந்து வந்து அதை மூடிக்கொண்டது.

“உங்களுக்கு எதாவது தெரியுமாம்மா?” என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார். எனக்கு என்னண்ணா தெரியும் என்றேன். என் வீட்டுக்காரரைக் கேட்டார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார். எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

“டீ போடு” என்றார்.

என்ன நடந்தது என்பதை அந்த அக்கா அதற்கப்புறம் கடைக்கு வருகிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காலையில் அவர் காட்டுக்குப் போனதும் பட்டையை முடுக்கியிருக்கிறார். பீரோவைத் திறந்து சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். மத்தியானம் அவர் கண்ணை மூடிச் சாய்ந்ததும், எதிரில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே மகளுக்குக் கண்ணைக் காட்டியிருக்கிறார். கதவு சத்தமில்லாமல் திறந்தது, சத்தமில்லாமல் மூடியது. சேருக்குப் பின்னால் நடந்து, சமையலறை வழியாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள் மகள். பிறகு அக்கா தரை துடைக்கிற சாக்கில் அறை வாசலில் உட்கார்ந்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, ட்யூப் துண்டை உருவிவிட்டார். பட்டை பழையபடி தூக்கிக்கொண்டது. அக்கம்பக்கத்து வீடுகளில் அவசரத்துக்கு உப்புக்கூடக் கேட்கத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்த பொம்பளை!

நிஜமாகவே யாராவது பையன் உண்டா அக்கா என்று நாக்கு நுனிவரை வந்ததை ஒருநாள் கேட்டேவிட்டேன். “நான் பாப்பாவக் கேக்கலீங்க. கேட்டா நானும் அவரு மாதிரி ஆயிருவேன்” என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அவர் விடவில்லை. பெங்களூருக்குப் போய் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு டீக்கடையில் நாள் கணக்காக உட்கார்ந்து, மகளை யார் கொண்டுவந்து விடுகிறான், யார் கூட்டிப் போகிறான் என்று பார்த்திருக்கிறார். அவள் மற்ற நர்சுகளோடு வந்தாள், அவர்களோடு போனாள். திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம், “பயங்கரமான ஆளா இருப்பான் போல. கண்ணுலயே சிக்கல” என்றார். ஆளைப் பிடிக்காமல் மகளை மட்டும் இழுத்துக்கொண்டு வருவதில் அவருக்கு இஷ்டமில்லை. அவள் அங்கேயே வேலை பார்த்தாள். மேஸ்திரிக்கும் பால்காரனுக்கும் எங்களுக்கும் அவர் கணக்கில் மன்னிப்பே கிடையாது. அறை வாசல் பட்டையையும் முடுக்கவில்லை. ஆள் இல்லாத அறைக்கு அது காவல் காத்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் அவர் தவறிவிட்டார். கடைசி மாதங்களில் மகள் லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டாளாம். அவள் கொடுத்த மாத்திரையையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவாராம். வாரிசுச் சான்றிதழ் வேலையாக அரூர் தாலுகா ஆபீசுக்கு வந்த அக்கா, எங்கள் கடையைத் தேடி வந்து உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“முடியாமப் படுத்திருந்தப்ப ஒருநாளு பாப்பாகிட்ட கேட்டாருங்க. இப்பவாச்சும் சொல்லு, உன்னிய வெளிய வுட்டது யாருன்னு. அவ என் மூஞ்சியப் பாத்தா. இனிமே என்ன இருக்குதுன்னு நானே சொல்லிட்டேங்க. பட்டைய முடுக்குனது நாந்தான், சர்ட்டிபிகேட்ட எடுத்துக் குடுத்தது நாந்தான், திருப்பிக் கழட்டி வுட்டதும் நாந்தான்னு.”

“அய்யோ. என்ன சொன்னாருக்கா?”

“சிரிச்சாருங்க. அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. பாப்பாகிட்ட, அந்தப் பயலக் காப்பாத்தறதுக்கு உங்கம்மாவையே கோத்து வுடறீங்களான்னாரு. இவளுக்கு என்ன தெரியும், மண்ணுன்னுட்டு, எங்கிட்டத் தண்ணி கொண்டான்னாரு.”

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, போகட்டும் அக்கா, ஒரு பேச்சு வாங்காமல் தப்பித்தீர்களே என்றேன். அக்கா டீ டம்ளரை மேசைமேல் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஊரையே சந்தேகப்பட்டாருங்க. என்னிய ஒருவாட்டி சந்தேகப்பட்டிருக்கக்கூடாதுங்களா?”